அக்கரைச் சீமையில் கல்யாண நாள் விருந்து

தொண்டிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். ஆனால், அந்தத் தண்ணீருக்கு அப்பால் உள்ள ஊர்களைத் தொண்டிக்காரர்கள் தங்கள் தெருவைப் போல அறிவார்கள். கொழும்பில் எந்த முனையில் நல்ல தேநீர் கிடைக்கும், பினாங்கில் எந்தச் சந்தில் நல்ல சோறு கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். திண்ணையில் இருக்கும் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்.

முன்காலத்தில் இங்கிருந்து பாய்மரத் தோணிகள் இலங்கைக்குப் போய் வந்தன. பிறகு, தனுஷ்கோடிக்குச் சென்று தலைமன்னார் கப்பலைப் பிடித்தார்கள். 1964 டிசம்பர் புயல் அந்தத் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. மலாயாவுக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்தில் "ரஜூலா" கப்பல் ஏறினார்கள். இன்று அந்தக் கப்பலும் இல்லை. துறைமுகத்தில் காத்துக் கிடப்பதும் இல்லை. திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர்.

இன்னொரு மாறுதலும் ஏற்பட்டிருக்கிறது. அன்று கப்பல் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இன்று தம்பதிகளாகப் போகிறார்கள். மகன் டிக்கெட் எடுத்து அனுப்புகிறான். மகள் விசா வாங்கி வைக்கிறாள். போன இடத்தில் பெற்றோரின் கல்யாண நாள் வருகிறது. 25-ஆவது ஆண்டாக இருக்கலாம். 40-ஆவது ஆண்டாகவும் இருக்கலாம். "இன்றைக்கு வெளியே சாப்பிடுவோம். எங்கே போகலாம்?" என்று பேச்சு எழுகிறது.

சின்னக் கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால், இந்தக் கேள்விக்குப் பல குடும்பங்கள் யோசிக்காமல் விடை சொல்லிவிடுகின்றன. பணமும் செலவாகிறது, மனமும் நிறைவதில்லை. ஆகவே, இதைப் பற்றி இன்று சற்று யோசிப்போம்.

இரண்டரை ஆண்டு!

கல்யாண நாளுக்கு ஹோட்டலில் சாப்பிடுவது நம் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் அல்ல. நம்மிடம் அறுபதாம் கல்யாணம் உண்டு. எண்பது வயதில் சதாபிஷேகம் உண்டு. திருக்கடையூருக்குப் போய் மாலை மாற்றிக்கொள்வார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் 25-ஆம் ஆண்டு வெள்ளி விழாவுக்குப் பூசை வைப்பார்கள். ஆண்டுதோறும் கல்யாண நாள் கொண்டாடுவது பிறகு வந்தது. "இது வெள்ளைக்காரன் வழக்கம். நமக்கு எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். வேறு ஊர்களுக்கு இது வேண்டாம் என்றாலும், கடற்கரை ஊர்களுக்கு வேண்டும். காரணம், ஒரு சிறு கணக்கில் இருக்கிறது.

ஒருவர் 30 ஆண்டு அக்கரையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வருகிறார். 30 ஆண்டில் 15 முறை வருவார். ஒவ்வொரு முறையும் 2 மாதம். ஆக மொத்தம் 30 மாதம். அதாவது, இரண்டரை ஆண்டு! 30 ஆண்டு இல்லறத்தில் கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் இருந்தது இரண்டரை ஆண்டுதான்.

மீதி இருபத்தேழரை ஆண்டும் அந்த அம்மாள் தனியாகவே குடும்பத்தை நடத்தினார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வீடு கட்டியபோது கொத்தனாரோடு கணக்குப் பார்த்தார். கல்யாண நாள் வந்தது; போயிற்று. அன்று கடிதம் வந்தால் உண்டு. பின்னாளில், தொலைபேசி மணி அடித்தால் உண்டு.

இத்தகைய தம்பதிகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது டாம்பீகம் அல்ல. பழைய பாக்கியில் ஒரு சிறு பகுதியை அடைப்பதுதான். பாக்கியை அடைக்கும்போது, அது உரியவர் கையில் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

யாருக்கு விருந்து?

பிள்ளைகள் செய்கிற தவறு ஒன்று உண்டு. இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடுகிறார்கள். சிங்கப்பூரில் மெரினா பே சேண்ட்ஸ் கட்டடத்தின் 57-ஆவது மாடியில் விருந்துச் சாலைகள் இருக்கின்றன. துபாயில் புர்ஜ் கலீஃபாவின் 122-ஆவது மாடியிலும் ஒன்று இருக்கிறது. அங்கே அழைத்துப் போனால்தான் பெற்றோருக்குப் பெருமை என்று நினைக்கிறார்கள்.

பெருமைதான். ஆனால், அங்கே தாயார் என்ன சாப்பிடுகிறார்? உணவுப் பட்டியலில் உள்ள பெயர் ஒன்றும் விளங்கவில்லை. கத்தியும் முள்ளும் கைக்கு வரவில்லை. குளிர்சாதனக் காற்றில் உடம்பு நடுங்குகிறது. "எனக்குப் பசியில்லை, நீங்க சாப்பிடுங்க" என்று தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அறைக்குத் திரும்பிய பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவைத் திறக்கிறார். இது விருந்தா?

தந்தையர் செய்கிற தவறு வேறு. "எங்கே தின்றாலும் சோறு சோறுதான்" என்று, தினமும் தேநீர் குடிக்கும் கடைக்கே கூட்டிப் போய்விடுகிறார்கள். அவருக்கு அங்கே பத்துச் சிநேகிதர்கள். பேச்சு அவர்களோடு நடக்கிறது. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு பரோட்டாவைப் பிய்க்கிறார். இதுவும் விருந்து அல்ல.

அப்படியானால், அந்த அம்மாளையே கேட்டுவிடலாமே? கேட்கத்தான் வேண்டும். ஆனால், "எங்கே போகலாம்?" என்று கேட்டால், "உங்க இஷ்டம்" என்ற பதில்தான் வரும். தன் இஷ்டத்தைச் சொல்லிப் பழகாதவரிடம் வேறு விதமாகக் கேட்க வேண்டும். "கடல் தெரிகிற இடமா, அமைதியான இடமா?" "மீனா, கோழியா, மரக்கறியா?" "கூட்டம் இருந்தால் பரவாயில்லையா?" இப்படி இரண்டு இரண்டாக எடுத்து வைத்தால் பதில் வரும். அந்தப் பதிலை வைத்து இடம் தேடுங்கள்.

இன்னொன்று சொல்கிறோம். நம் வீடுகளில் சமைக்கிற பெண் கடைசியாகத்தான் சாப்பிடுகிறாள். மற்றவர்கள் எழுந்த பிறகு, ஆறிப்போன சோற்றையும் அடிச்சட்டிக் குழம்பையும் அவள் பார்க்கிறாள். விருந்துச் சாலையில்தான் அவள் தட்டும் மற்றவர் தட்டோடு ஒரே நேரத்தில், சூடாக வருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, கல்யாண நாளன்று "பஃபே" என்னும், தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் விருந்து வேண்டாம் என்போம். பஃபேயில் என்ன நடக்கும்? பேரனுக்கு ஒரு தட்டு, கணவருக்கு ஒரு தட்டு என்று அந்த அம்மாள் எழுந்து எழுந்து நடப்பார். வீட்டில் செய்த வேலையையே காசு கொடுத்து அங்கேயும் செய்வார். மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறுகிற இடமாகப் பாருங்கள்.

நட்சத்திரத்தை நம்பலாமா?

"மிஷலின் நட்சத்திரம் வாங்கிய ஹோட்டல்" என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். இது என்ன நட்சத்திரம்?

மிஷலின் என்பது பிரான்சு நாட்டின் டயர் கம்பெனி. 1900-இல் அவர்கள் மோட்டார்காரர்களுக்காக ஒரு கையேடு போட்டார்கள். மோட்டார் அதிகம் ஓடினால்தானே டயர் தேயும்! 1926 முதல் நல்ல உணவுச் சாலைகளுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு நட்சத்திரம் என்றால், வழியில் நின்று சாப்பிடத் தக்க இடம். இரண்டு என்றால், சுற்றிக்கொண்டாவது போகத் தக்க இடம். மூன்று என்றால், அதற்காகவே பயணம் புறப்படலாம்.

நட்சத்திரம் சமையலுக்குத்தான், மாடிக்கும் நாற்காலிக்கும் அல்ல. 2016-இல் சிங்கப்பூரில் ஓர் அங்காடிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. கோழியும் சோறும் விற்ற கடை. ஒரு தட்டின் விலை அப்போது சுமார் 2 வெள்ளி! விலைக்கும் தரத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம்மவர் பெருமைப்படத் தக்க செய்தியும் உண்டு. நியூயார்க்கில் "செம்ம" என்ற உணவுச் சாலைக்கு மிஷலின் நட்சத்திரம் இருக்கிறது. அதன் தலைமைச் சமையல்காரர் விஜய் குமார், திண்டுக்கல் பக்கத்துக்காரர். கிராமத்து நத்தைப் பிரட்டலை நியூயார்க் மேசையில் வைத்தவர். 2025-இல் அமெரிக்காவின் பெயர் பெற்ற ஜேம்ஸ் பியர்டு விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். நம் வீட்டுச் சமையலை நாமே தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

ஆனாலும், நட்சத்திரம் கொடுப்பவர் உங்கள் தாயாரின் நாக்கை அறிய மாட்டார். அது சமையலுக்குச் சான்று. உங்கள் விருந்துக்குச் சான்று அல்ல.

காவடிச் சோறு

"கடல் தாண்டிப் போயும் இட்லியா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அக்கரையில் உள்ள நம்மவர் கடைகளை வெறும் இட்லிக் கடைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

பினாங்கில் "நாசி கண்டார்" என்றால் தெரியாதவர் இல்லை. மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் தூக்கும் காவடித் தடி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் கறிகளையும் காவடியாகத் தூக்கிப் போய், துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். இராமநாதபுரம் கரையோரத்திலிருந்து சென்றவர்கள் பலர் இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்தார்கள். 1907-இல் தோன்றிய ஹமீதியா உணவுக் கடை பினாங்கில் இன்றும் பெயர் சொல்கிறது. இத்தகைய கடைகளை மலேசியாவில் "மாமாக்" கடை என்பார்கள். நம் "மாமா"தான் அங்கே மாமாக் ஆகிவிட்டார்!

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் 1947-இல் கோமள விலாஸ் தோன்றியது. மரக்கறிக்காரர்களுக்குத் தாய்வீடு போல இருந்தது. மீன் தலைக் கறியின் கதை இன்னும் சுவையானது. கேரளத்திலிருந்து சென்ற கோமஸ் என்பவர் 1950-ஐ ஒட்டி, சீனர்கள் மீன் தலையை விரும்பி உண்பதைக் கண்டார். அதை நம் புளிக் குழம்பில் போட்டார். இன்று சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்காருகிறார்கள். நம் பக்கமும் கடன் வாங்கியிருக்கிறது. கீழக்கரைத் தொதல் அக்கரையிலிருந்து வந்த பண்டம்தானே!

ஆகவே, எங்கள் யோசனை இது. கணவர் இளமையில் சாப்பிட்டு வளர்ந்த கடை இன்னும் இருந்தால், கல்யாண நாளன்று பகலில் மனைவியை அங்கே அழைத்துப் போகட்டும். "இந்த மேசையில் உட்கார்ந்துதான் உனக்குக் கடிதம் எழுதினேன்" என்று சொல்லட்டும். கடிதத்தில் மட்டும் பார்த்த ஊரை அந்த அம்மாள் கண்ணால் பார்க்கட்டும். இரவு விருந்தை வேறொரு அமைதியான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும்.

முன்கூட்டிக் கேளுங்கள்

இடம் பிடித்தாயிற்று. ஆனால், உட்கார்ந்த பிறகு திண்டாடக் கூடாது. சில விஷயங்களை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முஸ்லிம் குடும்பங்கள் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் "முயிஸ்" என்னும் இஸ்லாமிய சமய மன்றமும், மலேசியாவில் "ஜாக்கிம்" என்னும் அரசுத் துறையும் இதை வழங்குகின்றன. "பன்றி இறைச்சி இல்லை" என்று எழுதி வைத்திருப்பது வேறு, ஹலால் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

மரக்கறிக்காரர்கள் "காய்கறி" என்ற பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது. மலாய்ச் சமையலில் கீரையைக்கூட "பெலாச்சான்" போட்டு வதக்குவார்கள். அது இறால் கூழ். தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு சேரும். "மீன், இறால், முட்டை எதுவும் கூடாது" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனியுங்கள். சிங்கப்பூரில் முதல் குறி, பரிமாறும் கட்டணம் 10 சதவீதம். இரண்டாவது, பொருள் சேவை வரி. 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் கட்டணத்தோடு 110 ஆகும். அதன் மேல் வரி போட்டால் 119 வெள்ளி 90 காசு. பில்லைப் பார்த்த பிறகு முகம் வாடினால், எதிரே இருப்பவருக்கு உண்ட சோறு செரிக்காது. கணக்கை முன்பே போட்டு, மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். சிங்கப்பூரில் தனியாக இனாம் வைக்க வேண்டியதில்லை. ஜப்பானில் வைத்தால் வியப்பார்கள். அமெரிக்காவில் 18 முதல் 20 சதவீதம் வைக்காவிட்டால் வருத்தப்படுவார்கள். ஊருக்கு ஊர் வழக்கம் வேறு.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே இரவு 8 மணி என்றால் தொண்டியில் மாலை 5.30. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே விருந்து வைத்தால் பெரியவர்களுக்குப் பசி இருக்காது. துபாயில் இதற்கு நேர் மாறு. அங்கே இரவு 9 மணி என்றால் நம் வயிற்றுக்குப் பத்தரை மணி. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. வாரம் முழுவதும் உழைத்த தொழிலாளிகள் அன்றுதான் அங்கே கூடுவார்கள். இலங்கையில் பௌர்ணமி "போயா" நாள். அன்று இறைச்சிக் கடைகளை மூடிவிடுவார்கள். இவற்றையெல்லாம் பார்த்து நாள் குறியுங்கள்.

உடை விஷயமும் உண்டு. நம் தமிழ்நாட்டில், வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது என்று 2014-இல் சட்டமே வந்துவிட்டது. அந்தச் சட்டம் கடல் தாண்டிச் செல்லாது. சில இடங்களில் செருப்புப் போட்டு வரக் கூடாது என்பார்கள். வாசலில் நின்று தந்தையார் அவமானப்படுவதைவிட, முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

வர முடியாத மனைவி

இதுவரை சொன்னதெல்லாம் சேர்ந்து போக முடிந்தவர்களுக்கு. போக முடியாதவர்கள் கதை என்ன?

சிங்கப்பூரில் கட்டடம் கட்டும் தொழிலாளிக்கு வேலை அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டில் மனைவியை அழைத்துப் போய்க் குடியிருக்க முடியாது. வளைகுடா நாடுகளிலும் குறைந்த சம்பளக்காரர்களுக்கு இதே நிலைதான். அவர்களின் கல்யாண நாளில், கணவன் பொட்டலச் சோறு சாப்பிடுகிறான். மனைவி தொண்டியில் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். இரண்டரை ஆண்டுக் கணக்கு பழங்கதை அல்ல. இன்றும் நடக்கிற கணக்கு.

அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வோம். கல்யாண நாள் என்பது நாட்காட்டியில் உள்ள தேதி மட்டும் அல்ல. விடுமுறையில் ஊர் வருகிற நாளைக் கல்யாண நாளாக வைத்துக்கொண்டால் யார் தடுப்பார்கள்? வந்த மறுநாளே உறவினர் வீட்டு விருந்துகள் தொடங்கிவிடும். பெட்டி பிரிக்க ஊரே கூடிவிடும். அதில் ஒரு நாளை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். தேவகோட்டையோ, காரைக்குடியோ, இராமநாதபுரமோ, பஸ் ஏறிப் போகிற தூரம்தான். நல்லதொரு சாப்பாட்டு விடுதியில் இருவரும் உட்காருங்கள். அவளுக்கு முதலில் பரிமாறச் சொல்லுங்கள்.

"ரெஸ்டாரண்ட்" என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. உடம்பைத் தேற்றுவது என்பது அதன் பொருள். பாரிஸ் நகரில் முதலில் அப்படி அழைக்கப்பட்டது கடை அல்ல. களைத்தவர்கள் தெம்பு பெறக் குடித்த ஒரு சாறு. பின்னர் அந்தச் சாறு விற்ற இடத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

களைத்தவரைத் தேற்றுவதுதான் அதன் வேலை என்றால், நம் கடற்கரை வீடுகளில் களைத்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கல்யாண நாள் வருவதற்குள் அவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்: "மீனா, கோழியா, மரக்கறியா?"